பக்கத்துக் கடையைவிட

கத்தரிக்கோல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, நூலைப் பல்லால்தான் கடிக்கிறார் ஜிப்பு அக்கா. நுனியைத் துப்பிவிட்டு, இடுப்பைப் பிரிக்கச் சொல்லி வந்தவரிடம் பேண்ட்டைத் தூக்கிக் காட்டுகிறார். “சதை போட்டது நீங்க. சுருங்கிப்போச்சுன்னு பழி துணி மேலயா?” வந்தவரும் அசடு வழியச் சிரிக்கிறார்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இரண்டு தையல் கடைகள். ஒன்று அக்காவுடையது. மற்றது, அவர் ‘தம்பி’ என்று கூப்பிடும் ஒல்லியான ஆளுடையது. ரத்த உறவெல்லாம் இல்லை. போட்ட துணியைப் பிரித்துத் தைப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஜிப்பு மாற்ற வருகிறவர்களைத் தம்பி இங்கே அனுப்புவார். கோட்டு என்றால் அக்கா அங்கே தள்ளிவிடுவார். ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்றுதான், சேர்ந்து வாங்கியது. தம்பி இடுப்பு பிடித்துப் படுத்தபோது, அவர் கடையைத் திறந்து, அவர் துணிகளைத் தைத்துக் கொடுத்து, கூலியை அவர் மனைவியிடம் சேர்த்தவர் அக்கா. அதைப் பற்றிக் கேட்டால், “ஆமா, பெரிய மலையைப் புரட்டிட்டேன்” என்று எரிந்து விழுவார்.

கட்டடத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு கடை, ஒன்றை எடுத்துவிட்டுக் காப்பி இயந்திரம் வைக்கலாமே என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றிவிட்டது. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, போட்டியில் உங்கள் பலம் என்ன, அடுத்தவரிடம் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நல்ல பதில் சொல்கிறவருக்குக் கடை.

அக்கா திரும்பி வந்தபோது, தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க நான் நின்றிருந்தேன். வந்த வேகத்தில் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

“அவன்கிட்ட இல்லாதது என்கிட்ட என்ன இருக்குன்னு கேக்கறாரு. ஏதாவது இல்லைன்னா அவன் என்கிட்ட எடுத்துக்குவான், நான் அவன்கிட்ட எடுத்துக்குவேன். இதுல என்னத்தைச் சொல்ல?”

ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாராம்.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மாடியில் அலுவலகத்தில் நாங்களும் தினமும் காலை முதல் இதே போட்டிப் பேச்சைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம். ஒருவன் பிழைக்க இன்னொருவன் ஒழிய வேண்டும், அதற்குப் பலம் என்று பெயர். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே வந்து ஊரை ரெண்டாக்குகிறான்.

மறுநாள் தம்பி கடையில் புதுப் பலகை. ‘பக்கத்துக் கடையைவிடக் கூலி குறைவு. பக்கத்துக் கடையைவிட வேகம்.’ வீட்டில் படிக்கிற பிள்ளைகள், அவர்தான் என்ன செய்வார்? குனிந்த தலை நிமிராமல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

அக்கா வந்தார். உதடு அசைய இரண்டு வரியையும் படித்தார்.

“அந்தாள் கேட்டா, நீயும் பதில் சொல்லிடுவியா தம்பி?”

பலகை ஒரு பக்கம் ஆணி கழன்று சாய்ந்து கிடந்தது. அக்கா விறுவிறுவென்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பிடுங்கி எறியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ, ஒழுங்காக ஒரு ஆணி அடிக்கத் துப்பில்லை, யார் தலையில் விழுந்து தொலைக்குமோ என்று திட்டிக்கொண்டே, ஒரு கையால் பலகையை நேராக்கிப் பிடித்தபடி, சுத்தியலுக்காகத் தம்பி பக்கம் மறு கையை நீட்டினார்.