கெட்டிப்பாறை என்று நான் சொன்ன துகள்

தவறு என்னுடையது; அதைத் திருத்தியவருக்கு வாய்திறந்து நன்றி சொல்லவும் தவறினேன். ஆகவே இதை எழுதிவைக்கிறேன்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். களப்பயணத்துக்குப் பேருந்து கிடைக்காத ஆண்டுகளில், வெள்ளைப் பெயின்டில் எண்ணிட்டுப் பெட்டியில் அடுக்கிய கற்களைக் காட்டியே பாடத்தை முடித்தேன்.

சென்ற கோடையில் என் முன்னாள் மாணவி செல்வி தொலைபேசியில் அழைத்தாள். அவள் வேலைபார்க்கும் நிலத்தடி நீர்த் துறையில் பணியிடங்கள் பல நிரப்பப்படாமல் கிடக்க, அன்னவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றை அவள் தனியாகவே மேற்பார்வையிட்டாள்.

"சார், கெட்டிப்பாறை வந்துருச்சான்னு தெரியல. கொஞ்சம் வாரீங்களா?"

மேல்மண்ணைத் தாங்கத் துளைக்குள் இறக்கும் உறைக்குழாயைக் கெட்டிப்பாறையைத் தொடுமுன் நிறுத்தினால் மண் சரிந்து கிணறு தூர்ந்துவிடும். அவ்வூருக்கு வேறு கிணறில்லை.

அங்கே போய், துளையிலிருந்து வெளிவந்த துகளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "கெட்டிப்பாறைதான், குழாயை இறக்கலாம்" என்றேன்.

துளையிடும் இயந்திரத்தை இயக்கிய முருகேசன் தயங்கினார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. தண்ணியில அலசி, வெரல்ல தேச்சுப் பாருங்க."

தேய்த்தேன். மாவாய்க் கரைந்தது.

செல்வி சிரித்துவிட்டாள். "காலேஜ்ல வெள்ளைப் பெயின்ட் நம்பரை வச்சுத்தானே சார் கல்லைக் கண்டுபிடிச்சோம்!"

என் முகம் சுண்டியது. முருகேசனோ அதைக் கவனியாதவர்போல, அடுத்தடுத்து வந்த துகள்களை எங்கள் இருவர் கையிலும் வைத்தார். மேலும் இருபதடி சென்ற பின்னரே கரையாத துகள் வந்தது.

"இப்பச் சொல்லுங்கய்யா" என்று முடிவை என்னிடமே விட்டார்.

நான் செல்வியைப் பார்த்தேன்.

"எறக்கலாம்ணே" என்றாள், தயக்கமின்றி.

ஊரின் கிணறு பிழைத்தது. என் மானத்தையும் அவர் சேதமின்றித் திருப்பித் தந்தார். இக்குறிப்பில் பிழை காணும் துறையறிந்தோர் திருத்தியருள வேண்டுகிறேன்.