அப்பாவுக்கு ஒரு சீட்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு மரக் கார் இருக்கிறது. ஒரு சாண் நீளம், எஞ்சின் கிடையாது. சரிவில் விட்டால் தானாக ஓடும். பந்தயக் கார் என்றால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி, அதுதான் ஓட்டுகிறவரின் சீட். நானும் என் அண்ணன் மகளும் சேர்ந்து செய்தது. இப்போது அவள் காட்டாங்குளத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். அன்று இரண்டாம் வகுப்பு.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. தீபாவளிக்குச் சற்று முன்னால், சிறுசேரியில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த அண்ணனைப் பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு லாரி அடித்துவிட்டது. எங்கள் அபார்ட்மெண்டில் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு மரக் கார் பந்தயம் வைப்பார்கள், கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவில். முந்தின வருடம் அதை வேடிக்கை பார்த்த அண்ணன், "அடுத்த வாட்டி நம்ம காரும் ஓடும்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். அந்தக் கார் ஓடியே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "செஞ்சு குடு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை. எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். பக்கத்து ஃப்ளாட்டில் மரவேலை நடந்தபோது மிச்சமான துண்டை வாங்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக், சக்கரங்களுக்கு ஒரு பழைய பொம்மை. இந்த மாதிரிக் காருக்குக் கனம்தான் எஞ்சின். கனம் கூடினால் நன்றாக ஓடும், ஆனால் கால் கிலோவைத் தாண்டினால் பந்தயத்தில் விடமாட்டார்கள். அடியில் துளை போட்டு, அண்ணனுடைய பைக் டூல் பாக்ஸில் கிடந்த நட்டுகளைத் திணித்து மெழுகால் அடைத்தேன். சமையலறைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் குறைவாகவே வைத்தேன். சீட்டைத் தோண்டும்போது மட்டும் அவள் பக்கத்திலேயே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் அத்தை, அப்பாவுக்கு இடுப்பு பெருசு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தோண்டினேன்.

அமாவாசைதோறும் மொட்டை மாடியில் சோறு வைத்து, "அப்பா, சாப்பிட வாப்பா" என்று கூப்பிட நாங்கள்தான் அவளைப் பழக்கியிருந்தோம். அவள் கூப்பிட்டால் காகம் வரும். கூப்பிட்டால் அப்பா வருவார் என்பது அவளுக்குக் காலையில் பால் வருவதைப் போல நிச்சயமான விஷயம். கார் முடிந்த அன்று அதை ஹாலில் வைத்து, "ஏறிக்கோப்பா" என்றாள். அதற்கப்புறம் ஹாலில் எங்கே வைத்தாலும் அது மெல்ல உருண்டு வாசல் கதவில் போய் முட்டி நிற்கும். தரை வாட்டம் சரியில்லை என்று பில்டரைத் திட்டினேன். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். அது எதிர்ப் பக்கம், பால்கனிக்கு உருண்டது. நான் சோதனை செய்வதை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

பந்தயத்தன்று அண்ணி கீழே வரவில்லை. சரிவின் மேலே மேசை போட்டு, தராசு வைத்து, அசோசியேஷன் செகரட்டரி ஒவ்வொரு காராக நிறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. "மேடம், இது ஓவர் வெயிட் காட்டுதே" என்றார். மெழுகைச் சுரண்டி ஒரு நட்டை எடுத்தேன். மறுபடி அதிகம். எல்லா நட்டுகளையும் எடுத்துவிட்டேன். வெறும் கட்டையும் சக்கரமும்தான் மிச்சம், எண் இறங்கவில்லை. மற்ற கார்களை வைத்துப் பார்த்தார்கள், தராசு சரியாகத்தான் இருந்தது. "ஒண்ணும் புரியலையே மேடம். சாரி, இதை விட முடியாது" என்றார் செகரட்டரி. அவள் அழவில்லை. எங்கள் எல்லோருக்கும் விளங்காதது தனக்கு விளங்கிவிட்ட மாதிரி, "அப்பா உக்காந்திருக்காருல்ல, அதான்" என்றாள்.

அவள் தராசின் மேல் குனிந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "அப்பா, கொஞ்சம் எறங்கிக்கோப்பா. ஓடி முடிச்சதும் ஏறிக்கலாம்." நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் கடகடவென்று இறங்கியது. செகரட்டரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, காரை அவளிடம் கொடுத்தார்.

கார் ஓடியது. கனமே இல்லாததால் தள்ளாடிக்கொண்டு, கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை. கீழே ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தாள். மேசைக்குப் பக்கத்தில், யாருமே நிற்காத இடத்தில் காரைத் தரையில் வைத்து, "ஏறிக்கோப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும், பாரமான எதையோ தூக்குவதுபோல மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். "குடு, நான் எடுத்துட்டு வரேன்" என்று கை நீட்டினேன், என்னையறியாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஃபிரிட்ஜ் மேல் அதை வைத்ததும் அவள்தான். நான் தூசி தட்டும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன், இன்று வரை ஒரு முறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. எதையும் அளந்து பார்த்து நம்புகிறவள்தான் நான். ஆனால் அது லேசாக இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.