தம்பி வீட்டில் துவக்கு இருக்கோ?

"உன்ர வீட்டில துவக்கு இருக்கோடா?"

சொந்தத் தம்பியிடம் துப்பாக்கி பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை!

நாங்கள் கனடாவில். தம்பி கேதீஸ் அமெரிக்காவில், ஒஹாயோவில் பெற்றோல் ஸ்டேஷன் நடத்துகிறான். பள்ளி விடுமுறைக்கு என் இரண்டு பிள்ளைகளும் அவனிடம் போவதாக இருந்தது. மகள் எப்போதோ சூட்கேசைக் கட்டிவிட்டாள். (உள்ளே பாதி சிப்ஸ் பக்கெட்!)

வேலையிடத்தில் லஞ்ச் நேரம் இதைச் சொன்னபோது சிநேகிதி ஒருத்தி கேட்டாள்.

"அமெரிக்காவில இப்ப கன ஸ்டேட்டில பெர்மிட் இல்லாமலே பிஸ்டலை மறைச்சுக் கொண்டு திரியலாமாம். உம்மட தம்பியிட்டையும் இருக்கோ?"

"சீச்சீ, அவன் எறும்புக்கே வழி விடுறவன்" என்று சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவனுக்கு ஃபோன் எடுத்தேன்.

மேலே எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஓம் அக்கா. இருக்கு."

போன குளிர்காலத்தில் பெற்றோல் ஸ்டேஷன் கடைக்குள் வந்த ஒருவன் இவன் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டியிருக்கிறான். அம்மா பயப்படுவா என்று எங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாங்கியதாம்.

"பெர்மிட் எடுத்தனியோ?"

"எங்கட ஸ்டேட்டில சட்டம் மாறீட்டுது அக்கா. முந்தியெண்டா கிளாசுக்குப் போய்ப் பழகி, பெர்மிட் எடுத்தாத்தான் மறைச்சுக் கொண்டுபோகலாம். இப்ப அது ஒண்டும் தேவையில்லை."

"அப்ப உனக்கு ஆர் பழக்கினது?"

"வீடியோ பாத்தனான்."

(நானும் வீடியோ பார்த்துத்தான் புட்டு அவிக்கப் பழகினேன். அது எப்படி வந்தது என்று என் கணவரைக் கேளுங்கள்!)

"வீட்டில எங்க வைக்கிறனி?"

"கட்டிலுக்குப் பக்கத்து லாச்சியில. பூட்டி வைச்சா அவசரத்துக்கு எடுக்கேலாதெல்லோ?"

அவனுடைய மகள் நிலாவுக்கு நாலு வயது. அந்த வீட்டில் அவள் இழுத்துத் திறக்காத இழுப்பறை கிடையாது.

"அப்ப பிள்ளையள் வரமாட்டினம்" என்றேன்.

அவனுக்குச் சுள்ளென்று கோபம் ஏறிவிட்டது.

"நான் என்ன உன்ர பிள்ளையளைச் சுடவோ வைச்சிருக்கிறன்? அவன் துவக்கு நீட்டினது எனக்கு, உனக்கில்லை. டொரொண்டோவில இருந்துகொண்டு நீ நல்லாக் கதைப்பாய்!"

ஃபோனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். டொரொண்டோ மோர்னிங்சைட்டில் வீடு பூட்டிக்கொண்டு படுக்கிற எனக்கு, யாரும் இல்லாத கடையில் தனியாக நிற்பது என்னவென்று தெரியாது.

இருவரும் இலங்கையில் ஒரே யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் ஒரு பொலிஸ்காரரின் இடுப்பில் துவக்கைக் கண்டால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். அதே பயம்தான் அவனைப் போய் ஒன்று வாங்க வைத்திருக்கிறது.

சில நாட்கள் பேச்சு இல்லை. மகள் சூட்கேசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு தம்பியின் மனைவி மிதுலா எடுத்தாள்.

"மச்சாள், நீங்கள் கேட்டது நல்லதாப் போச்சு. எனக்கும் உது வீட்டில இருக்கிறது பயம். கடையில அவர் பட்ட பாட்டைப் பாத்திட்டு வாய் திறக்காமல் இருந்தனான். இப்ப சொல்லிப்போட்டன், பூட்டி வைக்காட்டி நானும் நிலாவும் உங்களிட்டை வந்திடுவம் எண்டு!"

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஒரு ஒஹாயோ கார். தம்பி, மிதுலா, நிலா மூன்று பேரும்!

சாப்பாட்டு மேசையில் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு தானாகவே சொன்னான்.

"போர்டரில ஒபிசர் கேட்டவர், துவக்கு ஏதும் கொண்டுவாறியளோ எண்டு. 'இல்லை' எண்டு சொல்ல வாய் வரேல்லை அக்கா. வீட்டில வைச்சனானோ, இடுப்பில இருக்கோ எண்டு ஒரு கணம் எனக்கே தெரியேல்லை. அவ்வளவுக்குப் பழகிப்போச்சு. இருந்திருந்தா அதிலேயே பிடிச்சு மறியல்ல போட்டிருப்பினம். பின்சீற்றில நிலா பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தவள்..."

தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

துவக்கு வீட்டில், புதிதாக வாங்கிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பூட்டியபோது எடுத்த வீடியோவை மிதுலா எனக்குக் காட்டினாள். சட்டம் கேட்காவிட்டாலும் இருவரும் கிளாசுக்குப் பதிந்திருக்கிறார்களாம்.

"ஒரேயடியா வித்துப்போடன்" என்றேன்.

"இப்ப ஏலாது அக்கா."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

"நிலாவோட விளையாட எங்கட தெருப் பிள்ளையள் வாறவை" என்றான். "ஒரு தாய் தகப்பனும் என்னட்டைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இனி நானே சொல்லப்போறன். அதுக்குப் பிறகு அனுப்புறதும் விடுறதும் அவையின்ர விருப்பம்."

இன்று காலை என் பிள்ளைகள் அவன் காரில் ஏறினார்கள். எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

காரை எடுக்க முன், தம்பி கண்ணாடியை இறக்கினான்.

"வேற ஏதும் கேக்கோணுமெண்டா இப்பவே கேள்!" என்று சிரித்தான்.

"கடையைத் திறக்கேக்க இப்பவும் பயமா இருக்கோடா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓம் அக்கா. ஒவ்வொரு நாளும்."

நான் ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் தலையைத் தடவினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தம் உள்ளவர்களே, பிள்ளைகளை அனுப்ப முதல் இதையெல்லாம் நீங்கள் கேட்கிறீர்களா? கோபம் வராமல் எப்படிக் கேட்பது?