ரயிலில் என்னுடைய பை

வரப்போகும் மருமகள் லாத்வியப் பிள்ளை. அவளின் தாயாருடன் நாலு சொல்லாவது கதைக்கக் கைபேசியில் லாத்விய மொழி படிக்கிறேன். இன்றைய பாடம், 'என்னுடைய'.

இங்கே நோர்வேயில், புருசெத் போகும் ரயிலில் கண்ணில் பட்டதையெல்லாம் விரலால் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பையைக் காட்டி, "மனா சோமா" என்றேன். என்னுடைய பை.

அருகில் இருந்த பெண் பதறி, லாத்விய மொழியிலேயே ஏதோ சொன்னார். பிறகு பையைத் திறந்து, குழந்தையின் ஈரக் காற்சட்டையை எடுத்துக் காட்டினார், அது தன்னுடைய பைதான் என்று. பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகன் கேட்டான்: "மன்னிப்புக் கேக்கேல்லையோ அம்மா?"

"அந்தப் பாடம் இன்னும் வரேல்லை."

"நோர்வேஜியனிலையாவது?"

அதுவும் அப்போது வாயில் வரவில்லை.

மன்னிப்பு எத்தனையாம் பாடத்தில் வரும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.