ஆ லான் அக்காவின் உடைந்த பல்

"ஆ லான் அக்கா போயிட்டாங்க, அண்ணே" என்று போனில் சொன்னவன் என் தம்பி செல்வம். எவன் பல்லை உடைக்க வேண்டுமென்று நான் அக்காவிடம் வைத்தியத்துக்குப் போனேனோ, அவனே.

சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடைக்காரர் மகளாகப் பிறந்து, நம் தமிழையே பேசி வளர்ந்த சீனப் பெண்மணி அவர். பேச்சின் வாலில் மட்டும் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். வாதம் விழுந்த கைகளுக்குக் கண்ணாடிக் கப்பு வைப்பார். பஞ்சைக் கொளுத்திக் கப்புக்குள் காட்டி எடுத்து, சூடு ஆறுமுன் தோலில் அமுக்குவார். சதை உருண்டு மேலே ஏறும். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவர் வீட்டுப் பலகையில் கிடந்து அலறியவர்கள்தான்.

நான் பழ லோரி ஓட்டியவன். வாய்க்கு முன்னால் கை நீளும். பக்கவாதம் என் வலக்கையைப் பிடுங்கிக்கொண்டதும், அத்தனை வருஷம் என்னிடம் அடி வாங்கிய செல்வம் கோயில் திடலில் எல்லார் முன்னாலும் என்னை அறைந்தான். இரண்டு அறை. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. திருப்பி அடிக்கக் கை எழும்பவில்லை.

மறுநாளே அக்காவிடம் போனேன். "கையைக் கொடுங்கக்கா. அவன் பல்லை உடைச்சிட்டு வந்து உங்க காலுல விழுறேன்."

"பல்லை அப்புறம் உடைக்கலாம் லா. முதல்ல சோத்தைப் பிசைஞ்சு வாயில வையி. ஆஸ்பத்திரியில சொன்ன பயிற்சிய விட்டே, செருப்பால அடிப்பேன்" என்றார். அடித்தும் இருக்கிறார்.

ஏழெட்டு மாதம் ஓடியது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை கருநீல வட்டங்கள். ஒருநாள் கப்பின் விளிம்பு சுட்டுவிட்டது. கெட்ட வார்த்தையோடு துள்ளினேன். செத்துக் கிடந்த கை தானாகக் கிளம்பி அவர் வாயில் இறங்கியது. முன்பல் தெறித்துத் தரையில் விழுந்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று நான் பல்லைத் தேடிக் குனிய, அவர் தாடையெல்லாம் ரத்தத்தோடு கூத்தாடினார்: "கை வந்திருச்சுடா! கை வந்திருச்சு!"

அந்த வாயோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே செல்வம் வீட்டுக்குப் போயிருக்கிறார். "உனக்கு வச்சிருந்த அடியை நான் வாங்கிட்டேன். தீந்துச்சு. வந்து அண்ணனைப் பாரு." அவன் வந்தான். வாசலிலேயே நின்று அழுதான். நானும்தான்.

பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "இது என் சர்டிபிகேட் லா" என்பார். புதிதாக வருகிறவர்களிடம் அந்த ஓட்டையைக் காட்டிச் சிரிப்பார்.

சவப்பெட்டிக்குள் அவர் உதடுகள் மூடியிருந்தன. ஓட்டையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. செல்வமும் நானும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கினோம்.

அவர் கொடுத்த கை என்னிடம் இருக்கிறது. முஷ்டி பிடிக்க விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. சோறு பிசைய மடங்குகின்றன.