அமானிதம் என்று எழுதிய டின்

போன கிழமை மகள் தன் கைப்பேசியை என் மூக்கருகே நீட்டினாள். வங்கிச் செயலியில் அவசரத் தேவைக்கென்று தனியாகச் சேமிக்க ஒரு பகுதி இருக்கிறதாம். சம்பளம் விழுந்ததும் அதுவே கொஞ்சத்தை எடுத்து ஒதுக்கி வைத்துவிடுமாம். ஆனால் முதலில் அந்தச் சேமிப்புக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். "என்ன பேர் போட உம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த இவர், என் புருசன், எட்டிப் பார்த்து, காரணம் கேட்காமலே தானும் சிரித்தார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் அன்றைக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

பெயர் என்றதும் எனக்கு முதலில் வந்தது பூச்சி உருண்டை மணம்தான். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத் தட்டு அந்த மணத்தில்தான் கிடக்கும். கல்யாணச் சாரிகளுக்குப் பின்னால் ஒரு பால்மா டின். மூடியைத் திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு என் நெஞ்சும் கூடவே அடிக்கும். நகைப் பெட்டியைத் திறக்கும்போதுகூட எனக்கு அப்படி அடித்ததில்லை.

அப்போது நான் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியை. முதல் சம்பளம் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் கடைக்காரர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போயிருக்கிறேன். டீச்சர் என்று பெயர், வாங்கும் தேங்காய்கூடக் கடன். அப்போதே முடிவெடுத்தேன்: வருமானம் நின்றாலும் மூன்று மாதம் அடுப்பெரியப் போதுமான காசு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். பின்னேர வகுப்பில் வந்தது, முட்டை விற்றது, பஸ்ஸுக்குக் கொடுக்காமல் நடந்து மிச்சம் பிடித்தது எல்லாம் டின்னுக்குள் போயின. நடந்ததில் செருப்புத் தேய்ந்து புதுச் செருப்பு வாங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு கணக்கு.

இதில் எனக்கு இருந்த ஒரே பயம் இவர்தான். தப்பாக நினைக்காதீர்கள், இவர் தங்கமான மனிதர். அதுதான் சிக்கலே. மருதமுனையில் ஆண்கள் உடுத்தும் சாறன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பொத்துவில் வரைக்கும் கடை கடையாகக் கொடுத்து வரும் வியாபாரம். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் யாராவது கண் கலங்கி வந்து நின்றால் இல்லை என்று சொல்ல வாய் வராது. தையல் மெசின் வாங்க நான் முன்பொரு தடவை சேர்த்ததை ஒரு கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "பாவம் புள்ள, அவன்ட முகத்தப் பாக்கேலாம இருந்திச்சு" என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கலாம், அதுவும் பாவமாகத்தான் இருந்தது.

ஆகவே இந்தத் தடவை தந்திரம் செய்தேன். அப்பியாசக் கொப்பியில் ஒரு துண்டு கிழித்து, 'அமானிதம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, டின்னின் மேல் கம் போட்டு ஒட்டினேன். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்த ஒரு சொல் இரும்புப் பூட்டுக்குச் சமம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் அடுத்த வீட்டில் நகையை வைத்துவிட்டுப் போவார், வந்து கேட்கும்வரை அந்த வீட்டுக்காரர் பொட்டலத்தை அவிழ்த்தும் பார்க்கமாட்டார். நான் நினைத்த மாதிரியே நடந்தது. இவர் ஒருநாள் சட்டை தேடும்போது டின்னைக் கண்டார், வாசித்தார், சாரியை இழுத்து மூடிவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

டின் முக்கால்வாசி நிரம்பிய நேரம், பயிற்சிக்காக அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். கிழமை நாட்களில் விடுதி, லீவு நாட்களில் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை. சின்ன வேலை, கராஜில் விட்டிருக்கு என்றார். அடுத்த கிழமையும் அதே பதில். நான் கற்பித்தல் பயிற்சிக்குப் படம் வரைந்து வெட்டி ஒட்டும் அவசரத்தில் இருந்தேன், தோண்டித் துருவவில்லை. கொஞ்சம் மெலிந்த மாதிரித் தெரிந்தார். என் சமையல் இல்லாத ஏக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. விடுதித் தோழி ஒருத்தியோடு படம் ஒட்டும் மட்டை வாங்க அட்டாளைச்சேனைப் பிரதான வீதிக்கு வந்தேன். எதிர்க்காற்றில் ஓர் ஆள், சைக்கிளின் பின்னால் மலை மாதிரி மூட்டை கட்டி, நின்று நின்று மிதித்து வருகிறார். பாவம் யாரோ என்றுதான் பார்த்தேன். கிட்ட வந்ததும் தோழி என் கையை நுள்ளினாள். என் புருசன்.

"இஞ்ச, மோட்டச்சைக்கிள் எங்க?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எஞ்சின் இறுகிவிட்டது. மாற்ற வேண்டிய சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், முழுக் காசும் கையில் வைத்தால்தான் எடுப்பேன் என்று கராஜ்காரர் சொல்லிவிட்டார். மூன்று கிழமையாக அக்கரைப்பற்று வரைக்கும் சைக்கிள்தான். பொத்துவிலுக்குச் சைக்கிள் எட்டாது, பஸ்ஸில் இவ்வளவு மூட்டையை ஏற்றவிடமாட்டார்கள். பெருநாள் சரக்கு அடுத்த கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளிடம் எடுப்போம் என்று பொத்துவில் கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடைகள் போனால் எங்கள் வருமானத்தில் பாதி போய்விடும். சொல்லிவிட்டு, "நீ படிக்கிற புள்ள, ஒனக்கு என்னத்துக்கு இந்தக் கவல" என்றார்.

"அலுமாரிக்குள்ள டின்னுல காசு கெடக்கே, எடுத்திருக்கலாமே" என்றேன் நான், யோசிக்காமல்.

பள்ளிவாசல் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "அது அமானிதமெல்லா புள்ள."

நான் நடு வீதியில் நின்று சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். தோழி பயந்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கஷ்டத்துக்கென்று சேர்த்த காசு, கஷ்டம் வீட்டுக்குள் வந்து குந்தியிருந்த மூன்று கிழமையும் அப்படியே இருந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டிய மனிதர் இங்கே காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எல்லாம் என் கெட்டித்தனத்தால். அது யாருடையதும் இல்லை, என்னுடைய காசு, உங்களுக்குத் தெரியாமல் சேர்த்தேன், நீங்கள் தொடக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன் என்று மளமளவென்று கொட்டிவிட்டேன். தோழி பக்கத்துக் கடையில் தொங்கிய வாளிகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சைக்கிள் கைப்பிடியைத் துடைத்தார். பிறகு, "ஒன்ன நம்பி ஆரோ தந்திருக்காங்கெண்டு எனக்குப் பெருமையா இருந்திச்சி" என்றார்.

யாருடையது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தேன். "கேட்டா எடுக்க ஆச வந்திரும்" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, "இப்ப எடுக்கட்டா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அது காணாதாம், எடுங்க என்று வாயால் சொல்ல வைத்தார்.

விடுதிப் பொறுப்பாளரிடம் அவசர லீவு கேட்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில்கூட அப்படி ஓடியதில்லை. அவர் சைக்கிளில், நான் பஸ்ஸில். நிந்தவூரில் அவரைக் கடந்தபோது ஜன்னலால் கை காட்டினேன், அவரும் மணியை அடித்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் எங்களைப் புது மாப்பிள்ளை பெண் என்று நினைத்திருப்பார். அவருக்கு முன்பே நான் வீட்டுக்குப் போய், டின்னை மேலே போட்டிருந்த அபாயாவுக்குள் மறைத்து, நேரே கராஜில் கொண்டுபோய் வைத்தேன். காசு சரியாகக் காணவில்லை, கொஞ்சம் குறைந்தது. முழுக் காசும் வேண்டும் என்றிருந்த கராஜ்காரர், நான் டின்னோடு வந்து நின்றதைப் பார்த்து, மிச்சத்தைப் பெருநாளுக்குப் பிறகு தாருங்கள் என்றார். ஐந்தாம் நாள் எஞ்சின் உறுமியது. ஏழாம் நாள் பெருநாள் சாறன் முழுவதும் பொத்துவில் கடைகளில் அடுக்கியாகிவிட்டது. ஒரு கடையும் கைவிட்டுப் போகவில்லை.

எடுத்த காசைப் பெருநாள் முடிந்து இரண்டு மாதத்தில் திருப்பி வைத்தார். டின்னில் ஒட்டிய அந்தத் துண்டை நானே தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தேன்.

இப்போது அந்த டின் இல்லை. பொத்துவில் கடைகளில் இரண்டு பூட்டியாகிவிட்டது. மோட்டார் சைக்கிளை விற்று வருசக்கணக்காகிறது, இவருக்கு முழங்கால் வலி. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. போனதில் பெரியது, இவருக்குத் தெரிந்தால் காசு கரைந்துவிடும் என்று நான் வைத்திருந்த அந்தப் பயம்தான். அது அட்டாளைச்சேனை வீதியிலேயே விழுந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், திரும்ப வரவேயில்லை. காசு கரையாமல் இருந்ததா என்று கேட்டால், பொய் சொல்லமாட்டேன், எத்தனையோ தடவை கரைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இவர் என் முன்னால் வந்து நின்று, எடுக்கட்டா என்று கேட்டு, நான் வாயால் ஓம் என்று சொன்ன பிறகுதான் போனது.