மேற்குப் பார்த்த அடுப்படி

ஜெர்மனியில் கோடை வந்தால் பட்டப்பகலில் வீட்டை அடைத்துவிடுகிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் நான் குடியேறிய முதல் கோடையில், காற்று வரட்டும் என்று காலை பத்து மணிக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். கீழ்வீட்டு ஹெல்கா, என் வயதுக்காரி, படியேறி வந்து கதவைத் தட்டினாள். ஜன்னலைக் காட்டி, "மூடு, மூடு" என்றாள். என் சாம்பார் வாசனை பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, "இது என் வீடு" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில். அவள் திகைத்துப்போனாள். பிறகு உள்ளே வந்து, கண்ணாடிக்கு வெளியே சுருட்டி வைத்திருந்த தடுப்பை, அவர்கள் அதை ரோலாடன் என்கிறார்கள், கீழே இறக்கிக் காட்டினாள். மத்தியானம் வரை அறையில் காலைக் குளிர்ச்சி இருந்தது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடு என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சின்னமனூர்ப் பக்கம் மார்க்கையன்கோட்டையில் வெயிலிலேயே வளர்ந்த எனக்கு இவள் வெயிலைப் பற்றிச் சொல்கிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஹெல்கா மேல் இருந்த அந்த எரிச்சல் என் வீட்டார் மேல் கோபமாகத் திரும்பியது போன மே மாதம். ஊரில் என் தம்பி சுருளிவேல் புது வீடு கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி பாண்டீஸ்வரி அடுப்படியில் மயங்கி விழுந்தாள் என்று போனில் கேட்டுத்தான் ஓடினேன். "அவளுக்கு உடம்புல ரத்தம் இல்லக்கா," என்றான், ஏசி போட்ட படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு. நான் அடுப்படிக்குப் போனேன். மதியம் மூன்று மணி. மேற்குச் சுவர் பாதிக்கு மேல் திறக்க முடியாத கண்ணாடி. இருந்த ஒரே சின்ன ஜன்னலும் சாத்தியிருந்தது. திறந்தேன். கொதிக்கும் காற்று முகத்தில் அறைந்தது. ஏசியின் வெளிப்பெட்டியை அந்த ஜன்னலை ஒட்டியே மாட்டியிருந்தார்கள். அவன் அறையின் சூடெல்லாம் அவள் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது.

"இத அவன்கிட்டச் சொல்லலையா நீ?"

"சொன்னேன் மதினி. ஜன்னலச் சாத்திக்கிட்டுச் சமைன்னு சொல்லிட்டாக."

இதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கண்ணாடிச் சுவர், இங்கெல்லாம் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று பெருமையடித்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்து வைத்தது. வெயிலுக்கு ஏங்கும் நாட்டில், குளிர்காலச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் அவ்வளவு கண்ணாடி என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டிய இஞ்சினியருக்கும் தோன்றவில்லை. படம் பார்த்தோம், பிளான் போட்டோம், கிரகப்பிரவேசத்தில் கைதட்டினோம். அந்த அறையில் நாள் முழுக்க நிற்கப்போகிறவளை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே சின்னமனூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, வெளிப்பெட்டியை நிழல் விழும் வடக்குச் சுவருக்கு மாற்றினேன். "அங்கன இருந்தா ஏசிக்கும் நல்லதுக்கா, கரண்டு கம்மியாத்தான் இழுக்கும்," என்றார் அவர். கண்ணாடியில் பாதியை எடுத்துவிட்டுத் திறக்கும் ஜன்னல் வைத்தோம். வெளியே ஒரு முழம் தள்ளி, நாற்றுப்பண்ணைகளில் போடும் பச்சை நிழல்வலையைக் கட்டினோம். நானும் பாண்டீஸ்வரியும் விடிந்ததும் மொட்டை மாடியில் ஏறி, தளத்தில் சூடு இறங்காமலிருக்க சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தோம். என் விரலிடுக்கெல்லாம் வெந்துபோனது. தம்பி வாசலில் நின்று கத்தினான்.

"ஏக்கா, கோழிப்பண்ண மாதிரி வலையக் கட்டுறியே, பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"ஏலே, பாக்குறவுகளா உம் பொண்டாட்டிக்குச் சோறு ஆக்குறாக? வெயில் நேரத்துல நீ ஒரு நாள் அடுப்புல நின்னுட்டு வந்து பேசு."

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மதியம் தண்ணீர் எடுக்க வந்தவன், அடுப்படியில் சற்று நேரம் நின்று சுற்றிப் பார்த்தான். செம்பை நிரப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று பாண்டீஸ்வரி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அதுவரை தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாளாம்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். மழையில் சுண்ணாம்பு கரைந்துபோனதால் மறுபடி அடித்தாளாம்.

"தனியாவா அடிச்ச?"

"அவுக வாளியத் தூக்கிக் குடுத்தாக மதினி. மேலதான் ஏறல."

வாளி தூக்கியதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். என்னால் முடியவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டருக்குள் சுருண்டு, ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். உடம்பு இந்தக் கூரைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம் மட்டும் அங்கே, எனக்கென்று ஓர் அறைகூட இல்லாத வீட்டின் மொட்டை மாடியில், வெயிலில் நின்றுகொண்டிருந்தது.